அழியட்டும் என்பதும் ஓர் ஆணைதான்

சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கிய ராக் கார்டன் என்ற சிற்பத் தோட்டத்தின் மதிலில் ஒரு பகுதியை, 2025ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நிர்வாகம் இடித்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்த வேண்டும், வாகனங்களை நிறுத்த இடம் வேண்டும் என்பது காரணம். நகரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். இடிப்பு நிற்கவில்லை. இடித்த இயந்திரத்துக்கு முன்பே வந்து வழி செய்து கொடுத்தது ஒரு கருத்து. படித்தவர்களும் அதைச் சொல்கிறார்கள், கலையை நேசிப்பவர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் அதற்கு விரிவாக மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கருத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் பயிலாத ஒருவர், அனுமதி கேட்காமல், கையில் கிடைத்த கழிவுப் பொருள்களைக் கொண்டு தனக்கென ஓர் உலகத்தைக் கட்டுகிறார். அதன் உயிர் அவருடைய கைதான். அவர் போன பிறகு மிஞ்சுவது வெறும் கூடு. உடைந்த வளையலும் பீங்கானும் சிமென்ட்டும் காலத்துக்கும் நிற்கப் போவதில்லை. நிற்க வேண்டும் என்று அவர் திட்டமிட்டதும் இல்லை. கட்டிய நிலம் பல சமயம் அவருடையதும் அல்ல. ஆயிரம் ஆண்டுக் கோயில்களே பராமரிப்பின்றிக் கிடக்கும் நாட்டில், அரை நூற்றாண்டுப் பழமையான சிமென்ட் உருவங்களுக்குப் பணம் ஒதுக்குவது நியாயமா? சிறந்த சில சிலைகளை அருங்காட்சியகத்தில் வைப்போம். நல்ல படங்கள் எடுத்துக்கொள்வோம். மற்றதைக் காலத்திடம் விட்டுவிடுவோம். இதுதான் வாதம்.

இந்த வாதம் தவறானது. அதன் ஒவ்வொரு படியிலும் முடிவெடுக்கும் மனிதர் ஒருவர் மறைக்கப்படுகிறார். காலம் அழித்தது, மழை அழித்தது, வளர்ச்சி அழித்தது என்று சொல்லும்போது எழுவாயாக நிற்பது எப்போதும் மனிதரல்லாத ஒன்று. ஆனால் கீறலை அடைக்காமல் விட்டவர் ஒருவர் இருக்கிறார். காவலாளி பணியிடத்தை நிரப்பாதவர் ஒருவர் இருக்கிறார். டெண்டரில் கையெழுத்திட்டவர் ஒருவர் இருக்கிறார். தனி ஒருவர் பல்லாண்டு உழைத்து ஓர் இடம் முழுவதையும் சிற்பமாக்கிய இத்தகைய சிற்பவெளிகள் தாமாக அழிவதில்லை. யாரோ எடுத்த முடிவால் அழிகின்றன.

வாதத்துக்குள் போகுமுன் உண்மைகள் சில. நேக் சந்த் 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கட் பகுதியின் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்தார். லெ கொர்புசியே வரைந்த திட்டப்படி சண்டிகர் எழுந்துகொண்டிருந்தபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை பார்த்தார். புதிய நகருக்காகக் கிராமங்கள் பல இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளிலிருந்து பீங்கான் துண்டு, மண்பாண்டம், ஓடு, சைக்கிள் பாகம், உடைந்த கண்ணாடி வளையல், பட்டறைக் கசடு என்று கிடைத்ததையெல்லாம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். ஆற்றுப் படுகைகளில் மனித உருவமும் விலங்குருவமும் தெரிந்த கற்களைப் பொறுக்கினார். சுக்னா ஏரிக்கு அருகே, எதுவும் கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுப் பள்ளத்தில், 1950களின் பிற்பகுதியிலிருந்து வேலை நேரம் போக மீதி நேரத்தில், யாருக்கும் தெரியாமல் கட்டினார். 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில், ஒன்றோடொன்று இணைந்த முற்றங்களாக விரிந்திருந்தது. 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் பிறகு அரசு அவருக்குச் சம்பளமும் 50 பணியாளர்களும் கொடுத்தது. 2015 ஜூனில் அவர் மறைந்தார்.

இனி மறுப்புகள்.

1. “அது ஆக்கிரமிப்புதானே?”

ஆம், ஆக்கிரமிப்பாகத்தான் தொடங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. சட்டப்படி அன்றே இடித்திருக்கலாம். அப்படி இடித்துவிட வேண்டும் என்ற பேச்சும் இருந்தது. ஆனால் அரசு வேறு முடிவு எடுத்தது. இடத்தைத் திறந்தது. நுழைவுச் சீட்டு விற்றது. 1983இல் அதைத் தபால்தலையில் பொறித்தது. 1984இல் கலைஞருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்துப்போய்க் காட்டியது. இவ்வளவும் செய்த பிறகு, நிலம் தேவைப்படும் நாளில் மட்டும் “ஆக்கிரமிப்பு” என்ற பழைய கோப்பைத் தூசு தட்டி எடுப்பது சட்டமும் ஆகாது, அறமும் ஆகாது.

இன்னொன்று. அந்தக் காட்டு நிலத்தில் எதுவும் கட்டக்கூடாது என்ற விதியை மீறியதுதான் நேக் சந்தின் குற்றம் என்றால், அதே பசுமை வெளியில் தார்ச்சாலையும் வாகன நிறுத்தமும் வருவது எந்த விதியின்படி? ஒரு சாலை ஆய்வாளர் காட்டைக் காட்டாகவே வைத்துக்கொண்டு சிலைகளை நிறுத்தியது மீறல், துறை வந்து மரத்தை அகற்றித் தளம் போடுவது திட்டம் என்றால், அங்கே பேசுவது விதி அல்ல, அதிகாரம். விதியின் பெயரால் வாதாடுகிறவர்கள் அந்த விதியை இரு பக்கமும் பிடிக்க வேண்டும்.

1990இல் இதே இடத்துக்குச் சாலை போடப் புல்டோசர்கள் வந்தபோது நகர மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். ஆக்கிரமிப்பு என்று சொல்லப்பட்ட இடத்தைத் தங்களுடையது என்று மக்கள் அன்றே அறிவித்துவிட்டார்கள். பொதுச்சொத்து என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

2. “குப்பையால் ஆனது குப்பையாகப் போவதுதான் இயல்பு.”

இந்த வாதம் பொருளைப் பார்க்காமல் பேசுகிறது. நேக் சந்த் எடுத்தது வீசப்பட்ட பொருள்கள்தான். ஆனால் வீசப்பட்டது என்பதும் அழியக்கூடியது என்பதும் ஒன்றல்ல. சுட்ட பீங்கான், கண்ணாடி, உருக்குக் கசடு, ஆற்றுக் கல் ஆகியவை நாம் அறிந்த பொருள்களில் மிக நெடுங்காலம் நிற்பவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஊர்களைத் தொல்லியலாளர்கள் அடையாளம் காண்பதே பானை ஓடுகளைக் கொண்டுதான்.

பலவீனம் இருப்பது சிமென்ட்டுக்கு உள்ளே இருக்கும் இரும்பில். சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. மயிரிழைக் கீறல் வழியாக மழைநீர் போகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளிச் சிமென்ட்டை உடைக்கும். உடைப்பு வழியாக மேலும் நீர் போகும். இது விதி அல்ல, ஒரு வேதிவினை. எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் குறுக்கிட முடியும். முன்கூட்டிக் குறுக்கிட்டால் செலவு குறைவு.

லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் வாட்ஸ் கோபுரங்களைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து குடியேறிய கட்டுமானத் தொழிலாளி சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை 33 ஆண்டுகள் தனியாளாகக் கட்டியவை அவை. உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். இரும்புக்கு மேல் கம்பி வலை சுற்றி, சிமென்ட் பூசி, அதில் ஓடும் சிப்பியும் போத்தல் துண்டும் பதித்தார். வெல்டிங் கிடையாது. 1957இல் நகராட்சி அவற்றை ஆபத்தானவை என்று சொல்லி இடிக்க உத்தரவிட்டது. கலை ஆர்வலர்கள் குழு அமைத்துப் போராடினார்கள். பட் கோல்ட்ஸ்டோன் என்ற பொறியாளர் வடிவமைத்த சோதனை 1959 அக்டோபரில் நடந்தது. ஏறத்தாழ 4,500 கிலோ விசையோடு கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுத்தார்கள். வளைந்தது இழுத்த சாதனத்தின் உத்தரம். கோபுரம் நின்றது. படிக்காதவன் கட்டியது தானாக விழுந்துவிடும் என்ற நம்பிக்கை அன்று அளவையால் பொய்யாக்கப்பட்டது. பின்னாளில் வந்த பராமரிப்பு வல்லுநர்கள், வெயிலில் கோபுரங்கள் நுட்பமாக அசைவதையும் அதற்கேற்பக் கீறல்கள் விரிந்து சுருங்குவதையும் அளந்து, நெகிழ்ந்து கொடுக்கும் அடைபொருள்களைத் தேடினார்கள். கெட்டிச் சிமென்ட் வைத்து அடைத்தால் ஏன் மீண்டும் வெடிக்கிறது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. பாதுகாப்பு என்பது இப்படிப்பட்ட பொறுமையான வேலை.

தமிழ் வாசகர் இங்கே நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். நம் ஊர் ஐயனார் கோயில்களில் மண் குதிரைகள் மழையில் கரைந்து மண்ணாகின்றன. யாரும் அவற்றுக்கு ரசாயனம் பூசுவதில்லை. அழிவதும் அந்தக் கலையின் பகுதிதானே? ஆம். ஆனால் அங்கே அடுத்த புரவியெடுப்புக்கு வேளார்கள் புதிய குதிரைகளைச் செய்து தருகிறார்கள். குதிரை கரைகிறது, குதிரை செய்யும் கை கரைவதில்லை. மரபு உயிரோடு இருப்பதால் பொருள் போகலாம். சுயமாகக் கற்ற கலைஞரிடம் அந்த வழி இல்லை. நேக் சந்த்துக்கு முன்னும் அந்த மரபு இல்லை, பின்னும் இல்லை. அவர் செய்த பொருள்தான் அந்த மரபின் ஒரே பிரதி. ஐயனார் குதிரையைச் சான்று காட்டி ராக் கார்டனைக் கைவிடச் சொல்பவர்கள், குதிரையை மட்டும் பார்த்து அதைச் செய்யும் வேளாரைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

3. “கலைஞரே அதை நிலைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை.”

நேக் சந்த் பற்றி இதைச் சொல்வது அடிப்படையற்றது. மறைந்து கட்டிய மனிதர், கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பல பத்தாண்டுகள் அதையே விரிவாக்கினார். 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் தோட்டத்துக்குள் புகுந்து பலர் சேதப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே அவர் பெயரில் அறக்கட்டளை அமைந்தது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் வந்து பராமரிப்பில் கைகொடுத்தார்கள். அழியட்டும் என்று நினைத்தவரின் நடவடிக்கைகள் அல்ல இவை.

ரோடியா விஷயத்தில் இந்த வாதத்துக்குச் சற்று வலு உண்டு. வேலை முடிந்ததும் அவர் இடத்தை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அங்கே வாழத் திரும்பவில்லை. அதனால் என்ன? ஓர் ஆக்கத்தின் மதிப்பை ஆக்கியவரின் அக்கறையால் மட்டும் அளந்தால், பெயர் தெரியாத சிற்பிகள் செதுக்கிய எந்தக் கோயில் தூணையும் காக்க நமக்கு உரிமை இல்லாமல் போகும். அந்தச் சிற்பிகள் எவரும் நமக்கு விருப்ப ஆவணம் எழுதி வைக்கவில்லை. ரோடியா கோபுரங்களை வைத்துக்கொள்ள விரும்பாதது அவர் உரிமை. அவற்றைச் சூழ்ந்து வாழும் மக்கள் அவற்றை வைத்துக்கொள்ள விரும்புவது அவர்களுடைய உரிமை. 1990இல் அவை அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. போன கலைஞரின் மௌனத்தை அழிப்பதற்கான சம்மதமாக வாசிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

4. “நல்ல சிலைகளை அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா?”

போதாது. ராக் கார்டனில் தனிச் சிலை என்பது படைப்பின் அலகு அல்ல. உள்ளே போகிறவர் குனிந்துதான் நுழைய வேண்டும். வாசல்கள் அவ்வளவு தாழ்வானவை. குறுகிய வழி திடீரென்று முற்றமாகத் திறக்கும். அங்கே வளையல் போர்த்திய பெண்கள், நீர் சுமப்பவர்கள், குரங்குகள், மயில்கள் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் நிற்கும். ஒரே முகத்தின் சிறுசிறு மாற்றங்கள் திரும்பத் திரும்ப வருவதில்தான் அதன் வலிமை இருக்கிறது. அங்கிருந்து மதில் மறித்துத் திருப்பிவிடும். எதிர்பாராத இடத்தில் அருவி கேட்கும். சிலை, சுவர், வாசல், மரம், நீர், நடப்பவரின் முதுகு வளைவு எல்லாம் சேர்ந்தது அந்தப் படைப்பு. அதிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கிடைப்பது ஒரு மாதிரி மட்டுமே.

இது ஊகம் அல்ல, நடந்து பார்த்த சோதனை. வாஷிங்டனில் இருந்த குழந்தைகள் அருங்காட்சியகத்துக்காக நேக் சந்த் 1980களில் ஒரு சிற்பத் தோட்டம் உருவாக்கித் தந்தார். 2004இல் அந்த இடம் மூடப்பட்டது. சிலைகள் காப்பாற்றப்பட்டு வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குப் போயின. காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிலைகள் இருக்கின்றன, தோட்டம் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஷெபாய்கன் நகரில், இடத்தை இழந்த சிற்பவெளிகளின் மிச்சங்களைக் காப்பதற்காகவே 2021இல் ஒரு காப்பகம் திறந்தார்கள். அது அரிய பணி. வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது அது. இடம் அப்படியே நிற்கும்போது அதை முதல் திட்டமாக முன்வைப்பது, உயிரோடிருக்கும் ஊரைக் காலிசெய்துவிட்டு அதன் பாத்திரங்களைக் காட்சிக்கு வைப்பதற்குச் சமம்.

5. “இடித்தாலும் அப்படியே திரும்பக் கட்டிவிடலாம்.”

எதைப் பார்த்து? இதுதான் முதல் கேள்வி. ஒரு மதிலில் எந்த இடத்தில் எந்தத் துண்டு, எந்தச் சாய்வில், எந்தக் கலவையில் பதிந்திருந்தது என்பதற்கு முழுமையான அளவை ஆவணம் இல்லாமல் இடித்துவிட்டு “அப்படியே” என்று சொல்ல முடியாது. மதில்தானே, சிலை இல்லையே என்று சமாதானம் சொல்வதும் செல்லாது. மேலே சொன்னபடி, அங்கே மதில்தான் நடையை வழிநடத்துகிறது. மதில்தான் வெளியே இருக்கும் நகரத்தை மறைத்து உள்ளே வேறோர் உலகத்தைச் சாத்தியமாக்குகிறது.

1976க்குப் பிறகு பணியாளர்கள்தானே பெரும்பகுதி கட்டினார்கள், எனவே வேறு யாரும் கட்டலாம் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பணியாளர்கள் கலைஞரின் கண்முன்னால், அவர் திருத்தத் திருத்தக் கட்டினார்கள். ஒப்பந்ததாரர் சதுர அடிக் கணக்கில் கட்டுவது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டத் தென்னாப்பிரிக்காவின் ஆந்தை வீடு உதவும். நியூ பெதஸ்டா என்ற சிற்றூரில் ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற பெண் தன் வீட்டையும் முற்றத்தையும் சிமென்ட் ஆந்தைகளாலும் ஒட்டகங்களாலும் யாத்திரிகர்களாலும் நிரப்பினார். பல சிலைகளை அவரோடு சேர்ந்து செய்தவர் கூஸ் மல்காஸ் என்ற தொழிலாளி. ஹெலன் 1976இல் இறந்தார். பிறகு, 1990களில், அந்த இடத்தைச் செப்பனிட கூஸ் மல்காஸையே அழைத்து வந்தார்கள். செய்த கையே சீர்செய்தது. ராக் கார்டனிலும் அவரோடு வேலை பார்த்த கைகள் உண்டு. மீண்டும் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவர்களைத் தேடட்டும், அவர்கள் அறிந்ததைப் பதிவுசெய்யட்டும், அவர்களிடம் இளைஞர்களைப் பயிற்சிக்கு அனுப்பட்டும். அதற்குப் பிறகு இடிப்பதைப் பற்றிப் பேசவே தோன்றாது.

6. “நூறு ஆண்டு ஆகவில்லை, இது வரலாற்றுச் சின்னம் அல்ல.”

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1958ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச் சின்னங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் மத்தியப் பாதுகாப்பு. ராக் கார்டனின் மிகப் பழைய மூலை அந்தத் தகுதியைப் பெற இந்த நூற்றாண்டின் பாதி கடக்க வேண்டும். அதுவரை அது நின்றால்தானே பெறும்? நூறு ஆண்டு நின்றதை மட்டும் காப்போம் என்பது, நூறு ஆண்டு நிற்கவிட மாட்டோம் என்பதோடு சேரும்போது, எதையும் காக்க மாட்டோம் என்றாகிறது.

இதன் விளைவை நாடு ஏற்கெனவே பார்த்தது. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972இல் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கு 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அறுபது ஆண்டு ஆகவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ரேவால் நீதிமன்றம் போனார். கட்டடத்தை முழுவதுமாக இடிப்பதை எதிர்க்கக் கட்டடக் கலைஞருக்கு உரிமை இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2005இல், விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகலுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், எஞ்சியதைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டிருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்குத் துணை நின்றது. சிற்பம் என்றால் ஒரு நியாயம், கட்டடம் என்றால் வேறொரு நியாயம். சிற்பமும் கட்டடமும் தோட்டமும் ஒன்றேயான சிற்பவெளி எந்தப் பக்கம் விழும்? சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. இடம் இல்லாததைக் காரணம் காட்டிக் கைவிடுவதா, இடத்தை உண்டாக்குவதா?

வயதுதான் அளவுகோல் என்பவர்கள் ராக் கார்டனுக்குப் பக்கத்தில் பார்க்கட்டும். லெ கொர்புசியேயின் கேபிடல் வளாகம் 1950களில் எழத் தொடங்கியது. நேக் சந்த் கல் பொறுக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம். ஒன்று 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. மற்றொன்றின் மதில் 2025இல் இடிந்தது. வயது ஒன்றுதான். வேறுபாடு, ஒருவர் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், மற்றவர் சாலை ஆய்வாளர்.

பயிற்சி பெறாதவர் செய்ததைத் தேசியச் செல்வமாக ஏற்க முடியாது என்ற தயக்கம்தான் அடியில் இருக்கிறது என்றால், அதற்கும் விடை நம் சட்டத்திலேயே உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம், நூறு ஆண்டு ஆகாத படைப்பையும், ஆக்கியவர் மறைந்த பிறகு, அதன் கலை மதிப்புக்காகத் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்க வழி தருகிறது. அந்தச் சட்டத்தின்படி ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவர் ரவீந்திரநாத் தாகூர். அறுபது வயதைக் கடந்த பிறகு தீவிரமாகத் தூரிகை எடுத்த அவர் எந்த ஓவியப் பள்ளியில் பயின்றார்? சுயமாகக் கற்றவரின் கை நாட்டின் செல்வமாகலாம் என்பதை இந்திய அரசு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

பிரான்சில் ஃபெர்தினான் ஷெவால் என்ற கிராமத்துத் தபால்காரர், 1879 முதல் 1912 வரை, தபால் கொடுக்கப் போகும் வழியில் பொறுக்கிய கற்களால் ஓட்டரீவ் ஊரில் ஒரு கற்பனை அரண்மனை கட்டினார். 1969இல் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கும் பேச்சு வந்தபோது அமைச்சக அதிகாரிகளிடம் கடும் எதிர்ப்பு இருந்தது. பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அதை மீறி அறிவித்தார். கட்டி முடித்து அறுபது ஆண்டுகூட ஆகவில்லை. மால்ரோ விதிப் புத்தகத்தின் வயதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் உலகத்துக்கு இழப்பு.

7. “பணம் எங்கே?”

கடைசியாக வரும் இந்தக் கேள்விதான் பெரும்பாலும் முதல் காரணம். ராக் கார்டனைப் பார்க்க நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கி வருகிறார்கள். தன் செலவுக்குத் தானே ஈட்டும் இடத்தைப் பார்த்துப் பணம் இல்லை என்பது பொருந்தாது. அந்த வருவாயில் எவ்வளவு பராமரிப்புக்குப் போகிறது என்று கேட்பதுதான் பொருத்தம்.

வருவாய் இல்லாத இடங்களுக்கும் வழி இருக்கிறது. விஸ்கான்சினில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஃப்ரெட் ஸ்மித், இருநூறுக்கும் மேற்பட்ட கான்கிரீட் உருவங்களைத் தன் இடத்தில் நிறுத்தினார். அவர் 1976இல் இறந்ததும் கோலர் அறக்கட்டளை இடத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு கடும் புயல் அடித்துப் பெரும்பாலான சிலைகளைச் சேதப்படுத்தியது. காலம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அவர்கள் கை கழுவவில்லை. உடைந்தவற்றைச் சீராக்கி நிறுத்தி, மாவட்ட நிர்வாகத்திடம் பொதுப் பூங்காவாக ஒப்படைத்தார்கள். வாட்ஸ் கோபுரங்களை 1959இல் இரண்டு தனி மனிதர்கள் வாங்கிய விலை சில ஆயிரம் டாலர்தான். தொடக்கத்திலேயே தலையிட்டவர்களுக்குச் செலவு சிறிது. தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் அது பெரிது.

ஆயிரம் ஆண்டுக் கோயில்களே கிடக்கின்றனவே என்ற ஒப்பீடு மனத்தைத் தொடும், ஆனால் தர்க்கத்தில் நிற்காது. ராக் கார்டனைக் கைவிட்டதால் மிச்சமாகும் பணம் எந்தக் கோயில் விமானத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. இரண்டையும் கைவிடுவது ஒரே மனநிலை. பழையதற்கு அக்கறை இல்லாதவர்கள்தான் புதியதைக் கைவிடப் பழையதைச் சாக்காகக் காட்டுகிறார்கள்.

ஏழு வாதங்களும் விழுந்த பிறகு எஞ்சுவது வாகன நிறுத்தம் மட்டும். நெரிசல் உண்மைதான். நீதிமன்றத்துக்கு வருகிறவர்களின் சிரமமும் உண்மைதான். ஆனால் அந்தச் சிரமத்துக்குப் பல அடுக்கு நிறுத்தம், தொலைவில் நிறுத்திச் சிற்றுந்தில் அழைத்து வருவது, காணொலி விசாரணையை விரிவாக்குவது எனத் தீர்வுகள் பல உண்டு. நேக் சந்தின் மதிலுக்கு மாற்று ஒன்றுகூட இல்லை. மாற்று உள்ளதற்காக மாற்று இல்லாததை அழிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. இன்று அகலமாகும் சாலை சில ஆண்டுகளில் மீண்டும் நிரம்பும். அப்போது அடுத்த மதிலைக் கேட்கும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒன்று, மூன்று கட்டங்களாகக் கட்டப்பட்ட ராக் கார்டன் முழுவதையும், மதில்களோடும் மரங்களோடும் பிரிக்க முடியாத ஒரே படைப்பாக அறிவிக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு சிலையையும் சுவரையும் அளந்து, படமெடுத்து, பொருளோடு பதிவுசெய்ய வேண்டும். மூன்று, நேக் சந்த்துடன் வேலை பார்த்தவர்களைக் கொண்டு நிரந்தரப் பராமரிப்புக் குழு அமைக்க வேண்டும். நான்கு, நுழைவுச் சீட்டு வருவாயில் ஒரு பங்கை அந்தக் குழுவுக்கென்றே ஒதுக்க வேண்டும். ஐந்து, வயதைப் பாராமல், உருவாக்கியவர் மறைந்ததும் சிற்பவெளிகளைக் காக்கும் பிரிவு ஒன்றை நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், யாரோ ஒருவர் தன் வீட்டையும் முற்றத்தையும் இப்படிக் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தால், இப்போதே போய்ப் படமெடுங்கள். அவரோடு இருந்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். குடும்பத்தாரிடமும் உள்ளாட்சியிடமும் எழுத்தில் கொடுங்கள். காலம் பார்த்துக்கொள்ளும் என்று எவராவது சொன்னால், அந்த முடிவில் யார் கையெழுத்திட்டார் என்று கேளுங்கள். பெயர் கிடைக்கும்வரை கேளுங்கள்.